காண்டூர்னு ஒரு ஊர் இல்லைங்க

எங்க பி.ஏ.பி. பாசனத்தில் யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, காண்டூர் கால்வாய் தெரியும்பாங்க. "காண்டூர்ல உடைப்பு", "காண்டூர்ல தண்ணி விட்டாச்சு", "காண்டூர் வேலை இன்னும் முடியல" அப்படின்னு வருசம் பூரா அந்தப் பேர் வாயில் இருக்கும். சரி, காண்டூர் எங்கே இருக்குதுன்னு கேட்டா ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டாங்க. நானும் நாப்பது வயசு வரைக்கும் சர்க்கார்பதிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மலையூர் இருக்குதுன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன்.

அப்படி ஒரு ஊரே இல்லைங்க. அது இங்கிலீஷ் வார்த்தை. ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களை எல்லாம் சேர்த்து வரைபடத்தில் ஒரு கோடு போடுவாங்க. அந்தக் கோட்டுக்குப் பேர் காண்டூர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் சம உயரக் கோடுன்னு இருக்கும். அந்தக் கோட்டை ஒட்டி மலைச்சரிவில் வெட்டின கால்வாய் என்பதால் எஞ்சினியர்கள் அப்படிச் சொன்னாங்க. நம்ம சனம் அதை ஊர்ப்பேராக்கிருச்சு. கிணத்துக்கடவு, கொழுமம் மாதிரி காண்டூரும் ஒரு ஊர்.

இது தெரிஞ்சதே ஒரு வரைபடத்தாலதான். என்ற பையன் ஒரு நாள் சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்து, பெரிய தாளில் அச்செடுத்துக் கொண்டு வந்தான். முன்னெல்லாம் பல தாள்களைச் சாதாரண ஆள் வாங்கவே முடியாது. ராணுவக் காரணம் சொல்லிப் பூட்டி வெச்சிருந்தாங்க. 2017க்குப் பிறகு இணையத்தில் எடுக்கிற மாதிரி விட்டாங்க, 2021ல் இன்னும் தளர்த்தினாங்க. அப்படி வந்ததுதான் இந்தத் தாள். பழைய கணக்கில் இதுக்கு நம்பர் 58 பி/15.

அந்த நம்பரைக் கொஞ்சம் விளக்கிடறேன். இந்தியாவைப் பெரிய கட்டங்களாப் பிரிச்சு நம்பர் போட்டிருக்காங்க. நம்ம தென்கோடி 58. அந்தக் கட்டத்தை 16 துண்டாக்கி ஆங்கில எழுத்து வெச்சாங்க. ஒவ்வொரு எழுத்தையும் மறுபடி 16 துண்டு. கடைசித் துண்டு ஒண்ணு பக்கத்துக்குச் சுமார் 27 கிலோமீட்டர். அதில் 1 சென்டிமீட்டர்னா தரையில் 500 மீட்டர். பரம்பிக்குளம், தூணக்கடவு, டாப்சிலிப், சோலையார் அணை, வால்பாறை, ஆழியாறு எல்லாம் இந்த ஒரே தாளுக்குள்ள இருக்குது. திருமூர்த்தி அணை மட்டும் கிழக்கே அடுத்த தாள், 58 எஃப்/3.

பார்த்த உடனே எனக்கு ஒண்ணும் புரியலைங்க. தாள் பூரா பச்சை. பச்சைன்னா காடு. எங்க ஊரில் காடுன்னா சோளமும் கொள்ளும் போடற மானாவாரிப் பூமி. இது அந்தக் காடு இல்லை, யானை நடக்கிற காடு. பச்சைக்கு நடுவில் நீலமாக் கையும் காலும் விரிச்ச மாதிரி ஒரு ஏரி. அதுதான் பரம்பிக்குளம். எல்லாத்துக்கும் மேலே, கைரேகை மாதிரி, பழுப்புக் கோடு ஆயிரக்கணக்கில். அதுதான் காண்டூர். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம்.

இதை நான் புரிஞ்சுக்கிட்டது டியூப் மட்டத்தை வெச்சுத்தான். தோட்டத்தில் வாய்க்கால் எடுக்கிறப்போ நாம பார்க்கிறதுதானே. கண்ணாடி மாதிரி இருக்கிற டியூப்பில் தண்ணி ஊத்தி, ஒரு முனையை ஒருத்தர் இங்கே பிடிக்க, இன்னொரு முனையை ஒருத்தர் அங்கே பிடிப்பார். ரெண்டு முனையிலும் தண்ணி ஒரே மட்டத்தில்தான் நிக்கும். அதே மட்டத்துக்கு முளைக்குச்சி அடிச்சுக்கிட்டே போனா, மேட்டைச் சுத்தி, பள்ளத்துக்குள்ள நுழைஞ்சு வெளியே வந்து, கோணல்மாணலா ஒரு கோடு கிடைக்கும். அந்தக் குச்சிகளை மேலே இருந்து பார்த்தா அதுதான் வரைபடத்துக் கோடு. கோடுகள் நெருக்கமா இருந்தா செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தா சமவெளி. அவ்வளவுதான் சூட்சுமம்.

இப்படி மலையை அளந்து தாளில் இறக்கறதுக்கு நூறு வருசத்துக்கு மேலே ஆச்சு. 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைத் தரையில் அளந்தார். அந்த ஒரு கோட்டை வெச்சு முக்கோணம் முக்கோணமா அடுக்கிக்கிட்டே நாடு முழுக்க அளந்தாங்க. கோணம் பார்க்கிற கருவி அரை டன் எடை. 1808ல் அதைத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்துக்கு ஏத்தறப்போ அடிபட்டுப் போச்சு. அவரே உக்காந்து சரி பண்ணினார். அவருடைய கணக்கில் நம்ம கோயமுத்தூர் சீமையிலிருந்து பச்சாபாளையம் என்ற பேரும் வருது. தெற்கே குமரி முனையிலிருந்து வடக்கே போன நீளக்கோட்டில் அதுவும் ஒரு நிலை. 1816லிருந்து 1820 வரைக்கும் வார்டு, கானர்னு ரெண்டு பேர் திருவாங்கூர், கொச்சி ராஜ்ஜியங்களை அளந்தாங்க. பரம்பிக்குளம் காடு அப்போ கொச்சி ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது. ஆனைமலைக்கு இந்தப் பக்கம் சென்னை மாகாணம்.

அளந்தது வெள்ளைக்காரங்கன்னு எழுதி வெச்சிருக்குது. வழி காட்டினது யாரு? காடர், மலசர், முதுவர். எந்த முகட்டில் ஏறலாம், எந்தப் பள்ளத்தில் தண்ணி நிக்கும், யானைத்தடம் எங்கே போகுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க பேர் தாளில் இல்லை. அவங்க வாயில் இருந்த சொல்லு மட்டும் இருக்குது. சர்க்கார்பதியில் வர்ற பதி, மலைச்சனம் குடியிருக்கிற ஊருக்குச் சொல்ற பேரு. தூணக்கடவில் வர்ற கடவு, ஆத்தைக் கடக்கிற துறை. பெருவாரிப்பள்ளத்தில் வர்ற பள்ளம், நம்ம பக்கம் சொல்ற அதே ஓடைதான்.

பரம்பிக்குளம் என்கிற பேரைப் பாருங்க. அணை வந்தது 1960களில். பேர் அதுக்கும் முந்தியே இருந்துது. சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரைக்கும் கொச்சி மகாராஜா அரசாங்கம் தேக்குமரம் இழுக்க ஒரு டிராம் பாதை போட்டிருந்தது. 1907லிருந்து ஓடுச்சு. காட்டுக்குள்ள சுமார் 80 கிலோமீட்டர். செங்குத்தான இடத்தில் மேலே இருந்து இறங்கற பெட்டியின் பாரமே கீழே இருக்கிற பெட்டியை மேலே இழுக்கும்படி செஞ்சிருந்தாங்க. 1963ல் அதை நிறுத்திட்டாங்க. நம்ம பக்கத்து மரமெல்லாம் டாப்சிலிப் மேட்டிலிருந்து உருட்டி விட்டதுதான். மேலே இருந்து சரிய விடற இடம் என்பதுதான் அந்தப் பேருக்கே அர்த்தம்.

அமெரிக்க ராணுவம் 1950களில் அச்சடிச்ச இந்திய வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் போட்டு வெச்சிருக்குது. பையன் அதையும் காட்டினான். அதில் மலை இருக்குது, ஆறு இருக்குது, நீல ஏரி இல்லை. ஒரே இடம், ரெண்டு தாள். ஒண்ணில் பள்ளத்தாக்கு, இன்னொண்ணில் தண்ணி. நடுவில் நடந்த கதைதான் நம்ம கதை.

எங்கய்யனுக்கு எண்பது தாண்டிருச்சு. ரெண்டு தாளையும் கட்டிலில் விரிச்சேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சர்க்கார்பதிக்குக் கிழக்கே விரலை வெச்சு, "இந்த வழியாத்தான் ஸ்டாஃப் பிடிச்சுட்டுப் போனோம்" அப்படின்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுதுங்க. கல்யாணத்துக்கு முந்தி மலையில் கூலி வேலை பார்த்தார்னு தெரியும். என்ன வேலைன்னு நான் கேட்டதே இல்லை. லெவல் பார்க்கிற எஞ்சினியருக்கு அளவுக்கம்பு பிடிக்கிற ஆளா இருந்திருக்கார். கம்பை நேரா நிறுத்தணும், ஆட்டக் கூடாது. தூரத்தில் மூணுகாலில் நிக்கிற கருவியில் பார்த்து அவர் நம்பர் சொல்லுவார், இன்னொருத்தர் லெவல் புக்கில் எழுதுவார். அப்புறம் அடுத்த இடம். இப்படியே மலைச்சரிவு பூரா. கால் பூரா அட்டை. பாதிப் பேருக்கு மலைக்காய்ச்சல். "எதுக்கு அளக்கறாங்கன்னு எங்களுக்குச் சொல்லலை. தண்ணி வரும்னு மட்டும் பேசிக்கிட்டாங்க. மலைக்கு அந்தப் பக்கம் ஓடற தண்ணி இந்தப் பக்கம் எப்படிறா வரும்னு நாங்க சிரிச்சோம்" அப்படின்னார்.

அவர் சிரிச்சதில் தப்பில்லை. ஆனைமலையில் மழை கொட்டறது மேற்குப் பக்கம். நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம் ஆறு, தூணக்கடவு ஆறு எல்லாமே மேற்கே இறங்கி சாலக்குடி ஆத்துக்கும் பெரியாத்துக்கும் போறவை. கிழக்கே இருக்கிற நமக்கு மழைமறைவு. எங்கய்யன் காலத்தில் கிணத்தில் கவலை ஓட்டித்தான் வெள்ளாமை. கிணறு வத்தினா அதுவும் இல்லை.

1956ல் மொழிவாரி மாநிலம் பிரிஞ்சப்போ அந்தத் தண்ணி மேடெல்லாம் பெரும்பாலும் கேரளாவுக்குப் போச்சு. இங்கே காமராஜர் முதலமைச்சர், பொள்ளாச்சிப் பக்கத்துச் சி.சுப்பிரமணியம் மந்திரி, நா.மகாலிங்கம் எம்.எல்.ஏ., வேட்டைக்காரன்புதூர் வி.கே.பழனிசாமிக் கவுண்டர் விடாமப் பேசினவர். அங்கே ஈ.எம்.எஸ். முதலமைச்சர். வேற வேற கட்சி. ஆனாலும் 1958ல் உடன்பாடு பண்ணினாங்க. வேலை நடந்துது, 1961ல் பிரதமர் நேரு வந்தார். எழுத்து மூலமான ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29ல். ஆனா 1958 நவம்பர் 9லிருந்தே செல்லும்னு அதில் எழுதினாங்க.

இப்ப தாளில் இருக்கிற உயரங்களைப் பாருங்க. எல்லாம் கடல் மட்டத்திலிருந்து, அணை நிறைஞ்சா தண்ணி நிக்கிற உயரம். மேல் நீராறு 3,800 அடி. அங்கிருந்து குகை வழியா சோலையார், 3,290 அடி. அங்கிருந்து மின்சாரம் எடுத்துட்டுப் பரம்பிக்குளம், 1,825 அடி. அங்கிருந்து இன்னொரு குகை வழியா தூணக்கடவு, 1,770 அடி. மறுபடி மலையைக் குடைஞ்சு சர்க்கார்பதி மின்நிலையம். அங்கே சுத்திட்டு வெளியே வர்ற தண்ணி காண்டூர் கால்வாயில் விழுந்து, சுமார் 49 கிலோமீட்டர் போய்த் திருமூர்த்தி அணையில் சேருது. திருமூர்த்தி 1,337 அடி. 3,800, 3,290, 1,825, 1,770, 1,337. படிக்கட்டு மாதிரி இறங்கிக்கிட்டே வருதுங்க. இந்த வழியில் எங்கேயும் மோட்டார் போட்டு ஏத்தறது கிடையாது. மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணி தானா நடந்து நம்ம வயலுக்கு வருது.

ஏன் 49 கிலோமீட்டர் மலையைக் கட்டிப் பிடிச்சுட்டு வரணும், பேசாம ஆழியாறு அணையில் விட்டு அங்கிருந்து திருமூர்த்திக்கு வாய்க்கால் வெட்டியிருக்கலாமேன்னு நானும் பேசினவன்தான். பதில் தாளில் இருக்குது. ஆழியாறு 1,050 அடி. திருமூர்த்தியைவிட 287 அடி பள்ளம். ஒரு தடவை ஆழியாத்துக்குள்ள இறக்கிட்டா அப்புறம் உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் அந்தத் தண்ணி ஏறாது. அதனாலதான் ஆழியாறுக்கு மேலே, மலை இடுப்பிலேயே, உயரத்தை விட்டுக்கொடுக்காமக் கோட்டை ஒட்டிப் போகுது கால்வாய். முழுக்க ஒரே மட்டமா இருந்தா தண்ணி நின்னுரும். அதனால துளித்துளியா இறக்கம். குறுக்கே பள்ளம் வந்தாப் பாலம், முகடு வந்தாக் குகை. எங்கய்யன் கம்பை ஆட்டியிருந்தா எங்கேயாவது கணக்குப் பிசகியிருக்கும். இதை அவர்கிட்டச் சொன்னேன். "அதுக்குத்தான் அந்த எஞ்சினியர் அப்படித் திட்டுவாரு போல" அப்படின்னார்.

இப்போ நான் எதுக்கு இதை எழுத உக்காந்தேனோ அந்த விசயத்துக்கு வர்றேன்.

எங்கக்காவைக் கொடுத்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாதான், ஆனா வீட்டில் தமிழ். மச்சானுக்குச் சித்தூர்ப்புழைப் பாசனத்தில் நெல் வயல் இருக்குது. 2017 கோடை ஞாபகம் இருக்கும். தென்னைமரம் எல்லாம் கொண்டை சாய்ஞ்சு நின்ன வருசம். எங்க தோப்பில் பாதி போச்சு. அந்தச் சமயத்தில் ஒரு காதுகுத்து விசேசத்தில் பேச்சு தண்ணிப் பக்கம் போச்சு. பி.ஏ.பி. ஒப்பந்தப்படி மணக்கடவில் வருசத்துக்கு 7.25 டி.எம்.சி. கேரளாவுக்கு விடணும். "அணை கட்டினது நாங்க, காசு போட்டது நாங்க, நாங்க காயறப்போ உங்களுக்கு எதுக்குத் தண்ணி" அப்படின்னு நான் கேட்டுட்டேன். "மலையும் எங்கது, ஆறும் எங்கது, அணையே எங்க மண்ணில இருக்குது, நீங்க எடுத்துட்டுப் போறதுதான் களவு" அப்படின்னார் மச்சான். இலையில் பாதிச் சோத்தோட எந்திரிச்சுப் போயிட்டார். அக்கா பொங்கலுக்கு வரலை. அடுத்த பொங்கலுக்கும் வரலை. அப்புறம் வரப்போக இருந்தாங்க, ஆனா தண்ணிப் பேச்சை மட்டும் ரெண்டு பேரும் எடுக்கறதில்லை.

2022 செப்டம்பர் 21ம் தேதி விடியக்காலை பரம்பிக்குளம் அணையில் ஒரு ஷட்டர் உடைஞ்சு அடிச்சுட்டுப் போச்சு. ஷட்டரைத் தூக்கி இறக்க உதவுற எடைக்கல்லின் சங்கிலி அறுந்து அப்படி ஆச்சு. விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி. தண்ணி மட்டம் ஷட்டருக்குக் கீழே இறங்கற வரைக்கும் ஒண்ணும் செய்ய முடியலை. சுமார் 6 டி.எம்.சி. போயிருச்சுன்னு கணக்குச் சொன்னாங்க. எங்கே போச்சு? பெரிங்கல்குத்து வழியா சாலக்குடி ஆத்துக்கு, கடலுக்கு. மனுசன் போட்ட கதவு விட்டுப் போனதும் தண்ணி தன் பழைய வழியைப் பிடிச்சுக்கிச்சு. டி.வி.யில் அதைப் பார்த்தப்போ எனக்குக் கோபம் வரலைங்க, ஒரு மாதிரிப் பயம் வந்துச்சு. அறுபது வருசமா நாம "நம்ம தண்ணி"ன்னு சொல்லிட்டு இருந்தது எவ்வளவு சின்னப் பிடியில் நின்னுருக்குதுன்னு.

அந்த வாரமே தாளைச் சுருட்டிக்கிட்டுக் கொழிஞ்சாம்பாறை போனேன். மச்சான் வீட்டுத் திண்ணையில் விரிச்சு, நாலு மூலைக்கும் தேங்காய் வெச்சேன். முதல்ல முகத்தைத் திருப்பிக்கிட்டார். அப்புறம் வந்து குனிஞ்சார்.

பரம்பிக்குளத்திலிருந்து ஆறு எந்தப் பக்கம் இறங்குதுன்னு விரலில் காட்டினேன். மேற்கே. "மச்சான், நீங்க அன்னைக்குச் சொன்னதில் இது நிசம். மலையே இந்தத் தண்ணியை உங்க பக்கம்தான் சாய்ச்சிருக்குது" அப்படின்னேன். அப்புறம் ஆழியாத்தைக் காட்டினேன். அது பொறக்கறது நம்ம வால்பாறை மலையில். இறங்கி வந்து எந்தப் பக்கம் திரும்புது? வடமேற்கே, சித்தூர்ப்பக்கம். திருமூர்த்தி மலைப் பாலாறும் அதில்தான் சேருது. அந்த ஆறுதான் மணக்கடவு தாண்டிச் சித்தூர்ப்புழையாகி, பாரதப்புழையில் சேருது. அவர் வயலுக்குப் பாயறது தமிழ்நாட்டு மலைத் தண்ணி. என்ற வயலுக்குப் பாயறது கேரளா மலைத் தண்ணி.

மச்சான் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அப்ப மாப்ள, நீ குடிக்கிறது என்ற தண்ணி, நான் குடிக்கிறது உன்ற தண்ணி" அப்படின்னார். அக்கா உள்ளே இருந்து காப்பி கொண்டு வந்து வெச்சுது.

எல்லாம் அன்னைக்கே தீர்ந்து போச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனைமலையாறு பத்தி இன்னும் எங்களுக்குள்ள ஒத்துப் போகலை. அந்த அணையைக் கட்டினா நமக்கு இன்னும் 2.5 டி.எம்.சி. கிடைக்கும். கேரளா இடமலையாறு அணையை முடிச்ச பிறகு நாம கட்டிக்கலாம்னு ஒப்பந்தத்தில் இருக்குது. இடமலையாறு அணை 1980களிலேயே முடிஞ்சுது. நம்ம அணை இன்னும் தாளில்தான் இருக்குது. நம்ம கோரிக்கையில் நியாயம் இருக்குதுன்னுதான் இன்னைக்கும் சொல்லுவேன். ஆனா தாளைப் பார்த்தா அவங்க ஏன் இழுக்கறாங்கன்னும் தெரியுது. மேலே நாம எடுக்கிறது கீழே அவங்க அணைக்குப் போற அதே ஓடை. ரெண்டையும் தெரிஞ்சு பேசறது வேற, மேடையில் கத்தறது வேற.

நம்ம பக்கத்துக் கணக்கையும் பார்க்கணும்ங்க. இன்னைக்குத் திருமூர்த்தியை நம்பி 3.77 லட்சம் ஏக்கர் இருக்குது. நாலு மண்டலமாப் பிரிச்சு முறை வெச்சுத்தான் விட முடியுது. ஆயக்கட்டைக் காகிதத்தில் கூட்டிக்கிட்டே போகலாம். மழை விழற பச்சைப் பகுதியைக் கூட்ட முடியாது. அது அந்தத் தாளில் இருக்கிற அளவுதான். முறை வராத நாளில் குழாய் போட்டு உறிஞ்சறவன் கடைமடைக்காரன் பங்கைத்தான் உறிஞ்சறான். அரசாங்கத்துப் பங்கை இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்குது. அந்த நீல நிறத்துக்கு அடியில் பள்ளத்தாக்கு போச்சு. காடர் குடும்பங்கள் இடம் மாறிப் போனாங்க. பரம்பிக்குளத்துக்கு இன்னைக்கும் வண்டிப் பாதை நம்ம சேத்துமடை, டாப்சிலிப் வழியாத்தான். கேரளாக்காரங்களே தமிழ்நாட்டுக்குள்ள வந்துதான் அங்கே போகணும். அங்கே போன பெரும்பாலான நம்ம ஆளுங்க தேக்கு மரத்தையும் மானையும் போட்டோ எடுத்துட்டு வந்துருவாங்க. எனக்கு வாழை போட்டு, மக்களைப் படிக்க வெச்சு, கடனைக் கட்ட முடிஞ்சது அந்த ஏரியால. அதுக்காக வீடு மாறினவங்களுக்கு நாம என்ன பண்ணினோம்னு ஆயக்கட்டுக் கூட்டத்தில் ஒரு தடவைகூட யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

தாளை இப்போ சட்டம் போட்டுத் தொட்டிக்கட்டுத் தாழ்வாரத்தில் மாட்டியிருக்குது. எங்கய்யன் தினமும் காலையில் அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நிப்பார். போன வாரம் பேத்திகிட்ட விரலை வெச்சுக் காட்டிக்கிட்டு இருந்தார். "இதா பாரு கண்ணு, இந்தக் கோடு. இதுக்கு நான்தான் கம்பு பிடிச்சேன்."

பேத்தி கேட்டா, "அப்பாரு, காண்டூர் எங்கே இருக்குது?"

"எல்லாப் பக்கமும் இருக்குது கண்ணு. உயரம் ஒண்ணா இருக்கிற எடமெல்லாம் காண்டூருதான்" அப்படின்னார்.

உங்க ஊர் எந்த மண்டலம்னு தெரியாது. ஒரு தடவை உங்க வாய்க்காலைத் தாளில் பின்னாடியே தேடிக்கிட்டுப் போங்க. எந்த மலையில் போய் நிக்குதுன்னு பாருங்க.